கொழுந்துப் பூதத்துக்குள் இருந்தவர்

முதுகில் ஜிப் வைத்த ஒரு பூதத்தைப் பற்றி நான் எழுதிய செய்தி, என் பணிக்காலத்தில் அச்சானவற்றுள் மிகச் சிறியவற்றில் ஒன்று. நிலச்சரிவு, தேர்தல், விலைபோகாத முட்டைக்கோஸ் என்று கேமரன் மலையிலிருந்து எத்தனையோ எழுதியிருக்கிறேன். எதற்கும் இந்தப் பூதத்துக்கு யோசித்த அளவு யோசித்ததில்லை. நிருபர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அது பயன்படலாம். பயன்படாவிட்டால் ஒரு பூதக் கதை கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் பெயர் "கொழுந்துப் பூதம்". வீடியோ கேசட் காலத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு குழு, இங்குள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் தங்கி எடுத்தது. எடுத்தவர்கள் அதைப் பயங்கரப் படம் என்றே நம்பினார்கள். ஒரு விஞ்ஞானி தேயிலைச் செடிக்குத் தப்பான மருந்தை அடித்துவிடுகிறார். செடி எழுந்து நடக்கிறது. தோட்டத்துத் துரையையும் அலுவலகக் கணக்கர்களான கிராணிகளையும் விழுங்குகிறது. தொழிலாளர்களைத் தொடுவதில்லை, காரணம் படத்தில் சொல்லப்படவில்லை, தோட்டத்தில் யாரும் கேட்டதும் இல்லை. துப்பாக்கிக்கும் நெருப்புக்கும் அது அசையவில்லை. கடைசியில் கதாநாயகிக்கு ஒரு யோசனை தோன்றுகிறது: தேயிலைதானே, பாலை ஊற்றினால் என்ன? ஒரு லோரி நிறையப் பால் வருகிறது. ஊற்றுகிறார்கள். பூதம் மெல்ல நிறம் மாறி, நுரை தள்ளிச் சாகிறது. இவ்வளவையும் ஒருவர்கூடச் சிரிக்காமல் நடித்திருக்கிறார்கள்.

நள்ளிரவுக் காட்சியில் பூதத்தின் நிழல் தரையில் நன்றாக விழுகிறது. கதாநாயகி வெயிலில் டார்ச் அடித்துக்கொண்டு பூதத்தைத் தேடுகிறாள். கதைக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆடு, முக்கியமான காட்சிகளிலெல்லாம் பின்னால் வந்து மேய்கிறது. பூதம் திரும்பினால் முதுகில் ஜிப்.

படம் ஓடவில்லை. கேசட்டுகளில் பூஞ்சை பிடித்தது. பல காலம் கழித்து, யாரோ ஒருவர் மிஞ்சிய கேசட்டைக் கணினிக்கு மாற்றி இணையத்தில் போட்டார். கோலாலம்பூர் இளைஞர்கள் அதைக் கண்டெடுத்து, ரசிகர் குழு அமைத்து, முதுகில் ஜிப் அச்சிட்ட கறுப்பு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டார்கள். வசனமெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆடு வந்தால் எழுந்து நின்று கைதட்டுவார்கள். படம் எடுக்கப்பட்ட அதே தோட்டத்தில், ஒரு ஞாயிறு பிற்பகல் அதைத் திரையிட முடிவு செய்தார்கள். "பூதமாக வாழ்ந்த கலைஞருக்கு அஞ்சலி" என்று போஸ்டர் ஒட்டினார்கள். அதில் இருந்தது படத்தின் பெயர்ப்பட்டியலில் பூதம் என்று போட்டிருந்த கோலாலம்பூர் நடிகரின் முகம். அவர் காலமாகிவிட்டார்.

"ரெண்டு பத்தி, ஒரு படம் போதும் சார். சிரிக்கிற மாதிரி குடுங்க" என்றார் செய்தி ஆசிரியர். என்னைவிட வயதில் சின்னவர், வேகமானவர். நீங்கள் அவருக்குக் கீழேதான் வேலை பார்க்கப் போகிறீர்கள், அதனால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

நானும் படத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். முதலில் சிரித்தேன். பிறகு வேறொன்றைக் கவனிக்க ஆரம்பித்தேன். காசைக் கொட்டி எடுக்கும் படங்களில் பூதத்துக்குள் யாரும் இருப்பதில்லை. இதில் பூதம் குனிந்தால் உள்ளே யாரோ மூச்சுவாங்குவது கேட்கிறது. வாய்க்காலைத் தாண்டும்போது, பூதம் ஒரு கணம் நின்று ஆழம் பார்க்கிறது. அந்தக் கணத்துக்காகவே இன்னொரு முறை பார்த்தேன்.

அந்த ஞாயிறு காலை ரிங்லெட்டில் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடைக்கு, நெட்டையான ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். சுப்பையா. அந்தத் தோட்டத்தில் செடிகளுக்கு மருந்தடிக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

"ரிப்போர்ட்டர் சார், அந்தப் போஸ்டரப் பாத்தீங்களா?"

"பாத்தேண்ணே."

"அந்த ஆளு பூதம் இல்ல. நாந்தான் பூதம்."

பக்கத்து மேசைக்காரர் ரொட்டி சானாயைப் பிய்த்தபடியே, "வீட்டுல கேட்டா அவங்களும் அதத்தான் சொல்வாங்க" என்றார்.

சுப்பையா அவரைப் பொருட்படுத்தவில்லை. கோலாலம்பூர் நடிகர் முதல் நாளே உர மூட்டைச் சாக்கில் தைத்த பூத உடையின் நாற்றம் தாங்காமல் மயங்கி விழுந்தாராம். மிச்ச நாளெல்லாம் ஜீப்பில் உட்கார்ந்து ஆரஞ்சு சாப்பிட்டாராம். உயரம் சரியாக இருந்ததால், மருந்தடித்துக்கொண்டிருந்த சுப்பையாவைக் கூப்பிட்டு மாட்டிவிட்டார்களாம். படம் முடிந்து வந்தபோது, பெயர் மட்டும் ஜீப்பில் இருந்தவருக்குப் போயிருந்தது.

"செத்தவருக்கு அஞ்சலி செய்யட்டும், நான் வேணாங்கல. ஆனா பூதம் இன்னும் சாகலயே சார்? என் பேரு ஒரு எடத்துலயாச்சும் வரணும்லா."

"ஆதாரம் இருக்காண்ணே? போட்டோ, கூட நடிச்சவங்க, ஏதாச்சும்?"

"கூட நடிச்சவங்கள்ல பாதிப் பேர நான் முழுங்கிட்டேன். மீதிப் பேரு எங்க இருக்காங்கன்னு தெரியல." சற்று யோசித்தார். "தலை இருக்கு சார். பூதத்தோட தலை. உள்ள இடது பக்கம் கம்பி ஒன்னு நீட்டிக்கிட்டு இருக்கும். இங்க பாருங்க." இடது காதுக்கு மேலே ஒரு பழைய தழும்பைக் காட்டினார். "மாட்டினா கம்பி சரியா இதுல வந்து உக்காரும்."

"தலை எங்க இருக்கு?"

அவர் முதல்முறையாகத் தயங்கினார். "மூனாம் நம்பர் வளைவுல."

"அங்க முனி கோயில்தானே இருக்கு? கோயிலுக்குள்ளயா வச்சிருக்காங்க?"

"கோயிலுக்குள்ள இல்ல சார். அதான் சாமி."

நாங்கள் இருவரும் என் காரில் போனோம். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். பச்சை முகம், சிவப்புக் கண்கள், வாயில் சுருட்டு. பல முறை அந்த வழியே போயிருக்கிறேன், உற்றுப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். பச்சைச் சாயத்துக்குக் கீழே பிரம்புப் பின்னல் தெரிந்தது. கொழுந்து பறிப்பவர்கள் முதுகில் மாட்டும் கூடையைக் கவிழ்த்துச் செய்த தலை. கண்கள், லோரிக்குப் பின்னால் பொருத்தும் சிவப்பு வில்லைகள்.

கோயிலைப் பார்த்துக்கொள்பவர் பாக்கியம் அக்கா. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். நான் நின்றுகொண்டிருக்கும்போதே, வெளியூர்ப் பெண் ஒருத்தி செம்பில் பாலோடு வந்தாள். பாக்கியம் அக்கா பாய்ந்து மறித்தார்.

"பால் மட்டும் வேணாம்மா. இந்தச் சாமிக்கு ஆகாது. தே ஓ வாங்கிட்டு வா."

தே ஓ என்றால் பால் சேர்க்காத தேநீர். சாமிக்கு முன்னால் அது கிளாஸ் கிளாஸாக வரிசையில் இருந்தது. பாலபிஷேகம் செய்யாத முனியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வழக்கம்போல ஒரு படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். உடனே செய்தி ஆசிரியர் அழைத்தார். அவரும் கொழுந்துப் பூதம் பார்த்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

"சார், இது அந்தப் பூதம்தானே? அதே கண்ணு! முதல் பக்கம் சார் இது. 'சினிமா பூதத்துக்குச் சூடம் காட்டும் தோட்டம்.' சாயங்காலத்துக்குள்ள குடுத்துருங்க. வேற எவனாச்சும் முந்திட்டா நாம காலி."

ஒரு செய்தி இவ்வளவு சுலபமாகக் கையில் விழுந்தால், அதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். பாக்கியம் அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"அக்கா, இது படத்துல வந்த பூதத்தோட தலைன்னு சொல்றாங்களே, தெரியுமா?"

"தெரியாம என்ன? இதுக்குச் சாக்கு வச்சுத் தச்சதே நாந்தான்."

"தோட்டத்துல மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் தெரியும்லா. யாருக்குத் தெரியாதுன்னு நீங்கதான் சொல்லுங்களேன்."

அவர் சொன்னது இது. படக் குழு மூட்டை கட்டிக்கொண்டு போனபோது, தலையை இந்த வளைவில் ஒரு கம்பில் மாட்டிவிட்டுப் போய்விட்டது. மழை விடாமல் பெய்த வாரம். விடிகாலை மூடுபனியில் பாக்கியம் அக்காவின் கணவர் கொழுந்து லோரி ஓட்டிக்கொண்டு வந்தார். விளக்கு வெளிச்சம் பட்டு, எதிரே இரண்டு சிவப்புக் கண்கள் எரிந்தன. பிரேக்கை மிதித்தார்.

"இத வச்சவன அடிக்கிறதுக்குத்தான் லோரிய விட்டு எறங்குனாரு. ரெண்டு எட்டு வச்சா ரோட்டக் காணோம். மண்ணு சரிஞ்சு கீழ போயிருச்சு. அப்புறம் என்ன, கையில இருந்த சுருட்ட அது வாயில வச்சுட்டு வந்தாரு. நீங்களா இருந்தா தூக்கிக் குப்பைல போடுவீங்களா?"

"அப்ப பால் ஏன் ஆகாது?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "படம் பாத்தீங்களா இல்லையா? பால் ஊத்தித்தானே செத்துச்சு. தெரிஞ்சே ஊத்துவாங்களா?"

சுப்பையா சாலையின் மறுபக்கத்திலேயே நின்றிருந்தார். வரச் சொன்னேன். "நான் வரமாட்டேன் சார். என்னையே நான் கும்புடுறதா? கஷ்டம்லா" என்றார்.

பாக்கியம் அக்கா குரலை உயர்த்தினார். "இங்க வரமாட்டான் சார் அவன். ரிப்போர்ட்டரக் கூட்டிக்கிட்டு மட்டும் வருவான். பேப்பர்ல எழுதினா சிரிப்பாங்க, சிரிக்கட்டும். நாங்க சிரிக்காததா? ஆனா அந்தக் கோலாலம்பூர்ப் பசங்க தலையத் தேடிக்கிட்டுத் திரியிறாங்க. கண்ணாடிப் பெட்டியில வச்சுக் காட்டப் போறாங்களாம். சினிமா சாமான்தானேன்னு ஆபீசுல தூக்கிக் குடுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்? டேய் சுப்பையா, உனக்குப் பேரு வரணும்னா இத மாட்டிக்கிட்டு நின்னு காட்டணும், அதானே? வா. நீயே வந்து கழட்டு."

"கழட்டுறேன்னு நான் சொன்னேனா?"

"வாய் சொல்லல. மூஞ்சி சொல்லுது."

சுப்பையா காரில் ஏறிக்கொண்டார். திரையிடும் மண்டபத்துக்குப் புறப்பட்டோம். பெயருக்கு அவரிடம் இருந்த ஒரே ஆதாரம் இப்போது சாமி. அந்தச் சாமிக்கு எதிராக என் கையில் ஒரு முதல் பக்கம்.

தோட்டத்து மண்டபத்தின் ஜன்னல்களை, கோலா தெர்லா காய்கறிப் பண்ணையிலிருந்து வாங்கி வந்த கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடியிருந்தார்கள். முன்வரிசையில் கறுப்பு டீ-ஷர்ட்டுகள். பின்னால் தோட்டத்து மக்கள். ரசிகர் குழுத் தலைவர் ஹரி என்ற இளைஞர், படத்துக்கு முன் ஓர் உரை நிகழ்த்தினார். முதுகில் தெரியும் ஜிப், உழைப்பாளியின் உடலில் மூலதனம் போட்ட தையல் என்றார். அடிக்கடி இடது காலை உயரத் தூக்கி வைக்கும் பூதத்தின் நடை, காலனி ராணுவ அணிவகுப்பின் கேலி என்றார். தோட்டத்து மக்கள் மரியாதையாகக் கைதட்டினார்கள். எனக்குப் பின்னாலிருந்து பாக்கியம் அக்கா பக்கத்துப் பெண்ணிடம், "ஜிப்பு பாதியில சிக்கிக்கிச்சுடி. அவசரத்துக்கு ஊக்குதான் குத்தி அனுப்புனேன்" என்று சொல்வது கேட்டது.

படம் ஓடியது. ரசிகர்கள் பயிற்சி எடுத்த மாதிரி கூவினார்கள். டார்ச் வந்தால் "வெயில்! வெயில்!" ஆடு வந்தால் கைதட்டல். பிறகு தேயிலைப் புதருக்குள்ளிருந்து பூதம் எழுந்தது. மண்டபத்தின் பின்பாதி எழுந்தது.

"சுப்பையாண்ணே, பாத்து! வாய்க்கா இருக்கு!"

"மாமா, பின்னால ஜிப்பு!"

"துரைய விட்டுறாத மாமா! அந்தக் குண்டுக் கிராணியையும் சேத்துப் புடி!"

படம் எடுத்தபோது பிறந்தே இராதவர்களும் கத்தினார்கள். எந்த இடத்தில் எதைக் கத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தோட்டத்தில் இருந்த கேசட்டைப் போட்டுப் பார்க்கும்போது தாய் தகப்பன் கத்துவதைக் கேட்டுக் கற்றது. ரசிகர் குழுவின் கூச்சல் மெல்ல அடங்கிவிட்டது. ஹரி எழுந்து படத்தை நிறுத்தினார். திரையில் பூதம் ஒரு காலைத் தூக்கியபடி நின்றது.

"ஒரு நிமிஷம். எல்லாரும் சுப்பையா சுப்பையான்னு கத்துறீங்களே, சுப்பையா யாரு?"

எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. சுப்பையா அங்கே நின்றிருந்தார். ஹரி கூப்பிட்டதும் நாற்காலிகளுக்கு நடுவே முன்னால் நடந்து வந்தார். நடுவில் ஒன்றுமில்லாத தரையில் இடது காலை உயரத் தூக்கி வைத்தார். முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அங்கிள், அந்த நடை!" என்றார் ஹரி.

"மருந்தடிக்கிற ஓசுக் குழாய் கால்ல தடுக்கும் தம்பி. தூக்கி வச்சு வச்சே பழகிருச்சு."

"சீரியஸாவா அங்கிள்? படத்துல வேற பேரு போட்டிருக்கே?"

"பேரு அவரோடது. வேர்வ என்னோடது."

டீ-ஷர்ட்டுகள் அவரைச் சூழ்ந்துகொண்டன. ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். ஹரிக்கு மூச்சு வாங்கியது. "அங்கிள், தலை எங்க? பூதத்தோட தலை? அது மட்டும் கிடைச்சா கோலாலம்பூர்ல கண்ணாடிப் பெட்டியில வச்சுடுவோம். உங்க போட்டோ பக்கத்துல. உங்க பேரு கீழ. லைஃப் டைம் இருக்கும் அங்கிள்!"

நான் பாக்கியம் அக்காவைப் பார்த்தேன். அவர் யாரையும் பார்க்காமல், திரையில் உறைந்திருந்த பூதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுப்பையாவின் கை காதுக்கு மேலே போய்த் தழும்பைத் தடவியது. ஆசைப்பட்டார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கண்ணாடிப் பெட்டி என்ற சொல் விழுந்தபோது அவர் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

"தலைய வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டேன் தம்பி," என்றார் கடைசியில். "அவருக்கு நல்லாப் பொருந்திருச்சு. திருப்பிக் கேக்க முடியாது."

பின்வரிசைகள் வெடித்துச் சிரித்தன. என்னவென்று தெரியாமல் ஹரியும் சேர்ந்து சிரித்தார்.

"பேர மட்டும் போடு. பெருசாப் போடு. அந்த ஆளு பேருக்கு மேல போடு" என்றார் சுப்பையா.

மாலை செய்தி ஆசிரியர் அழைத்தார்.

"சார், முனி எங்க?"

"அதுல செய்தி இல்ல."

"பூதத்தக் கும்புடுறாங்க, செய்தி இல்லையா?"

"பூதம்னு தெரிஞ்சுதான் கும்புடுறாங்க. ஒளிக்கலியே, நாம எத அம்பலப்படுத்துறது?"

"வாசகருக்குத் தெரியாதே சார்!"

அது வலுவான வாதம். நம் தொழிலில் அதைவிட வலுவானது கிடையாது. அதற்கு நேரடியான பதில் என்னிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நான் வேலை கற்ற முதல் பத்திரிகையில் ஒரு துணை ஆசிரியர் இருந்தார். ஊரை ஏமாற்றிவிட்டார்கள் என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால், "ஏமாந்தவன நேர்ல பாத்தியா?" என்பார். பார்க்கவில்லை என்றால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இந்தக் கதையில் ஏமாந்தவரை நான் நேரில் பார்த்திருந்தேன். அவர் கோயில் பக்கமே போகாதவர்.

"ஏமாத்துன கதை ஒன்னு இருக்கு," என்றேன். "ஒருத்தர் வேலைக்கு இன்னொருத்தர் பேரப் போட்ட கதை. அதக் குடுக்குறேன்."

"அதுக்கு ரெண்டு பத்திதான் சார்."

"போதும்."

சுப்பையா என்ற பெயரை முதல் வாக்கியத்தின் முதல் சொல்லாக வைத்தேன். தலையைப் பற்றி, "அது தற்போது வேறொருவரிடம் இருப்பதாக அவர் தெரிவித்தார்" என்று எழுதினேன். அவர் அப்படித்தான் தெரிவித்தார். தோட்டத்தின் பெயரை அன்றும் போடவில்லை, இங்கேயும் போடவில்லை. வளைவின் எண்ணை மாற்றியிருக்கிறேன். தேடிப் போகாதீர்கள்.

மறுநாள் காலை நான் கடைக்குள் நுழைந்தபோது, சுப்பையா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். எதிரே பத்திரிகை விரித்திருந்தது. செய்தியோடு, திரையில் நின்ற பூதத்துக்கு முன்னால் அவர் நிற்கும் படம் வந்திருந்தது. பக்கத்து மேசைக்காரர் செய்தியை உரக்கப் படிக்க, அவர் தலையாட்டிக் கேட்டார். படித்து முடித்ததும் சுப்பையா என் பக்கம் திரும்பினார்.

"எழுத்து சரியா இருக்கு சார். படத்துலதான் கொறை. பூதத்தப் பெருசாப் போட்டு, என்னையச் சின்னதாப் போட்டுட்டாங்க."

"ரெண்டும் நீங்கதானேண்ணே?"

"அதத்தான் சார் இத்தன வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."